ஐஸ் வியாபாரி டியூடர்



ஏ.சி. வாங்கக் கடைக்குப் போனால், கடைக்காரர் முதலில் கேட்பது என்ன தெரியுமா? ஒரு டன் வேண்டுமா, ஒன்றரை டன் வேண்டுமா என்பதைத்தான். டன் என்றால் எடை. ஒரு டன் என்பது 1,000 கிலோ என்று வாய்பாட்டில் படித்திருப்பீர்கள். 1,500 கிலோ கனமுள்ள பெட்டியைச் சுவரில் மாட்டினால் சுவர் நிற்குமா? நிற்காது. ஆனால் ஏ.சி. மாட்டிய சுவர்கள் எல்லாம் நன்றாகத்தானே நிற்கின்றன! அப்படியானால் அந்த டன் எதனுடைய எடை?

இதற்கு விடை தெரிய, நம் திருச்சியிலிருந்து அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குப் போக வேண்டும். அதுவும் 200 ஆண்டுகளுக்கு முந்தைய பாஸ்டனுக்கு. அங்கே 1783-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் பிறந்தவர் ஃபிரெடரிக் டியூடர். ஐஸ் அரசர் என்று பிற்காலத்தில் ஊர் அவரை அழைத்தது. அந்தப் பட்டம் கிடைப்பதற்குள் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

அப்பா பெரிய வழக்கறிஞர். வசதியான வீடு. அண்ணன் தம்பிகளைப் போல ஃபிரெடரிக்கும் ஹார்வர்டு கல்லூரியில் படித்திருக்கலாம். ஆனால் 13 வயதிலேயே பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டு ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். (வாத்தியார் என்ற முறையில் எனக்கு இதில் சம்மதம் இல்லை. நீங்களும் இதைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்!)

அவருக்கு ஜான் என்று ஒரு சகோதரர். முழங்காலில் தீராத நோய். வெப்பமான ஊருக்குப் போனால் குணமாகும் என்று நினைத்து, 1801-இல் அவரை ஃபிரெடரிக்கோடு கியூபா தீவுக்கு அனுப்பினார்கள். அப்போது ஃபிரெடரிக்குக்கு 17 வயது. போன இடத்தில் வெயில் வாட்டியது. வேனிற்காலம் நெருங்கியதும் கொசுவும் காய்ச்சலும் சேர்ந்துகொண்டன. ஜானுக்கு நோய் கூடியதே தவிரக் குறையவில்லை. திரும்பி வந்த சில மாதங்களில், 1802-இன் தொடக்கத்தில், ஜான் இறந்துவிட்டார். அந்தக் கொதிக்கும் தீவில் ஒரு துண்டு ஐஸ் இருந்திருந்தால் என்ற எண்ணம் அப்போதே ஃபிரெடரிக் மனதில் விழுந்திருக்க வேண்டும் என்று எழுதியவர்கள் உண்டு.

ஐஸுக்கு அவர் ஊரில் பஞ்சமே கிடையாது. பாஸ்டனில் குளிர்காலம் வந்தால் குளம், ஏரி எல்லாம் உறைந்துவிடும். குளம் உறையும் விதத்தில் ஒரு வேடிக்கை உண்டு. பொதுவாக எந்தப் பொருளும் குளிரக் குளிரச் சுருங்கும். தண்ணீரும் 4 டிகிரி செல்சியஸ் வரை சுருங்கும். அதற்குக் கீழே போனால் விரிய ஆரம்பிக்கும். விரிந்த தண்ணீர் லேசானது அல்லவா? அது மேலே வந்து நிற்கும். அதனால் குளத்தின் மேல்பரப்புதான் முதலில் உறையும். மேலே ஓர் அடி கனத்துக்கு ஐஸ் மூடி போட்டது போல் இருக்கும். அடியில் மீன்கள் பாட்டுக்கு நீந்திக்கொண்டிருக்கும். காவிரியில் குளித்து வளர்ந்த நமக்கு இது கற்பனைக்கும் எட்டாத காட்சி.

பணக்காரர்கள் அந்த ஐஸை வெட்டி, நிலவறையில் போட்டு மூடி, கோடைக்காலத்தில் எடுத்துப் பயன்படுத்துவார்கள். டியூடர் குடும்பத்துப் பண்ணையிலும் ஒரு குளம் இருந்தது. இந்தக் குளத்து ஐஸை வெட்டி வெப்பத் தீவுகளில் விற்றால் என்ன என்று 1805-ஆம் ஆண்டு அண்ணன் வில்லியம் பேச்சுவாக்கில் கேட்டார். அண்ணனுக்கு அது விளையாட்டுப் பேச்சு. தம்பிக்கு அதுவே வாழ்க்கையாகிவிட்டது. உடனே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து ஐஸ் நாட்குறிப்பு எழுதத் தொடங்கிவிட்டார்.

ஊரே சிரித்தது. ஐஸ் உருகித் தண்ணீரானால் கப்பலே மூழ்கிவிடும் என்று எந்தக் கப்பல்காரரும் சரக்கை ஏற்றிக்கொள்ள முன்வரவில்லை. டியூடர் சொந்தமாகவே ஒரு கப்பலை விலைக்கு வாங்கினார். 1806-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் அந்தக் கப்பல் ஐஸோடு மார்டினிக் தீவுக்குப் புறப்பட்டது. பாஸ்டன் பத்திரிகை ஒன்று அதைக்கூடக் கேலியோடுதான் செய்தி போட்டது.

மூன்று வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆனது. கப்பல் மூழ்கவில்லை. ஐஸும் பெரும்பகுதி அப்படியே போய்ச் சேர்ந்தது. ஆனால் கரையில் அதை வைக்க இடம் இல்லை! ஐஸ் வைக்கும் கிடங்கு அந்தத் தீவில் கிடையாது. மக்களுக்கும் அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. வெயிலில் வைத்தவர்கள், தண்ணீரில் போட்டவர்கள் என்று வாங்கிய எல்லாருமே ஐஸைத் தொலைத்தார்கள். பிறகு வந்து வியாபாரியிடம் சண்டை! டியூடர் ஓர் உணவு விடுதிக்காரரைப் பிடித்து, ஐஸ்கிரீம் செய்துகாட்டி விற்றுப் பார்த்தார். அது நன்றாகத்தான் போனது. இருந்தும் சில வாரங்களில் மொத்த ஐஸும் உருகிப்போனது. பல ஆயிரம் டாலர் நஷ்டம்.

இங்கே சற்று நில்லுங்கள். ஐஸ் ஏன் உருகுகிறது? குளிர்ச்சி வெளியே போய்விடுவதால் என்று வகுப்பில் பாதிப் பேர் சொல்வார்கள். அது தவறு. குளிர்ச்சி என்று தனியாக ஒரு பொருள் உலகத்தில் இல்லை. இருப்பது வெப்பம் மட்டும்தான். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் ஓடுவது போல, சூடான இடத்திலிருந்து சூடு குறைந்த இடத்துக்கு வெப்பம் ஓடிக்கொண்டே இருக்கும். ஐஸ் கட்டியைக் கையில் வைத்தால் கை சில்லிடுகிறதே, அது ஐஸின் குளிர் கைக்குள் ஏறுவதால் அல்ல. உங்கள் கையின் வெப்பம் ஐஸுக்குள் ஓடுவதால்.

ஆகவே டியூடர் செய்ய வேண்டியிருந்தது ஒரே காரியம். வெளியே இருக்கும் வெப்பம் ஐஸை நெருங்காமல் வழியை அடைக்க வேண்டும். கேட்க எளிது. அதைக் கண்டுபிடிக்க அவருக்குப் பத்து ஆண்டுகள் ஆயின.

நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரே அளவு ஐஸ் கட்டிகளை இரண்டு டம்ளர்களில் போடுங்கள். ஒன்றைத் திறந்து வையுங்கள். மற்றொன்றைக் கம்பளியால் நன்றாகச் சுற்றி மூடி வையுங்கள். எது முதலில் உருகும்? கம்பளி சூடு தருமே, அதில் சுற்றியதுதான் முதலில் உருகும் என்று தோன்றும். அரை மணி கழித்துத் திறந்து பாருங்கள். திறந்து வைத்த டம்ளரில்தான் தண்ணீர் அதிகம் இருக்கும். கம்பளி சூடு தருவதில்லை. அதன் இழைகளுக்கு நடுவே காற்று அடைபட்டு நிற்கிறது. அசையாத காற்று வெப்பத்தைச் சுலபத்தில் கடத்தாது. மார்கழியில் உங்கள் உடம்பின் சூட்டை வெளியே விடாமல் காப்பதும், ஐஸுக்குள் வெளிச் சூட்டை விடாமல் தடுப்பதும் ஒரே வேலைதான். நம் மீன் மார்க்கெட்டில் ஐஸ் பாரை உமி போட்டு, சாக்கால் மூடி வைக்கிறார்களே, அதன் தத்துவமும் இதுவே.

மார்டினிக் நஷ்டத்தோடு டியூடர் ஓயவில்லை. அடுத்து கியூபாவின் ஹவானாவுக்கு ஐஸ் அனுப்பினார். அதற்குள் அப்பாவும் நிலத்தில் போட்ட பணத்தை இழந்து நொடித்துப்போனார். அமெரிக்க அரசும் 1807-இன் இறுதியில் வெளிநாட்டுக் கப்பல் வணிகத்தையே நிறுத்திவைத்தது. கடன் ஏறிக்கொண்டே போனது. அந்நாளில் கடனைக் கட்டாவிட்டால் சிறை. 1812-இல் ஒரு முறை, 1813-இல் மறுபடியும் டியூடர் சிறைக்குப் போனார். ஹார்வர்டுக்குப் போயிருந்தால் இந்தக் கதி வந்திருக்குமா என்று ஊரார் பேசியிருப்பார்கள்.

1815-இல் கடன் வாங்கிய காசோடும், பிடிக்க வந்த அதிகாரிகளுக்கு டிமிக்கி கொடுத்தும், மறுபடி ஹவானாவுக்குக் கப்பல் ஏறினார். இம்முறை மரத்தாலான ஓர் ஐஸ் கிடங்கு கட்டினார். வெளியே ஒரு சுவர், உள்ளே ஒரு சுவர். இரண்டுக்கும் நடுவில் மரத்தூள் போன்ற பொருள்களை இட்டு நிரப்பினார். கையில் கடிகாரத்தோடு கிடங்கருகே நின்று, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தண்ணீர் வடிகிறது என்று அளந்தார். கதவை அடிக்கடி திறந்தால் எவ்வளவு, திறக்காவிட்டால் எவ்வளவு, வைக்கோல் போர்த்தினால் எவ்வளவு, மரச்சீவல் போட்டால் எவ்வளவு என்று மாற்றி மாற்றிப் பார்த்தார். பள்ளியைப் பாதியில் விட்டவர்தான். ஆனால் அந்தக் கிடங்கின் வாசலில் அவர் செய்தது அசல் அறிவியல்.

இன்னொன்றையும் கண்டுகொண்டார். உருகிய தண்ணீரைத் தேங்க விடாமல் வடித்துவிட வேண்டும். தேங்கினால் அது மேலும் ஐஸை உருக்கும். அத்துடன் ஐஸைச் சிறு துண்டுகளாக அல்லாமல் ஒரே குவியலாக அடுக்க வேண்டும். வெப்பம் மேல்பரப்பு வழியாகத்தான் நுழைய முடியும். குவியல் பெரிதாக ஆக, எடையோடு ஒப்பிட்டால் அதன் மேல்பரப்பு குறைவு. இட்லிச் சட்டியிலிருந்து எடுத்த இட்லிகளைத் தட்டில் தனித்தனியாகப் பரப்பினால் சீக்கிரம் ஆறும். ஹாட்பாக்ஸில் அடுக்கினால் ஆறுவதற்கு நேரமாகும் அல்லவா? அதேபோலத்தான்.

கிடங்கு தயார். மக்களை ஐஸ் வாங்க வைப்பது எப்படி? டியூடர் தந்திரசாலி. பானக் கடைக்காரர்களுக்குச் சில நாள் ஐஸை இலவசமாகவே கொடுத்தார். குளிர்ந்த பானத்தை ஒரு முறை குடித்தவர், மறுநாள் சூடான பானத்தைத் தொடுவாரா? பழக்கம் வந்த பிறகு காசு கேட்டார். அமெரிக்காவின் தெற்குப் பகுதி ஊர்களான சார்ல்ஸ்டன், சவானா, நியூ ஆர்லியன்ஸ் என்று அடுத்தடுத்துக் கிடங்குகள் எழுந்தன. போட்டியாளர்கள் வந்தால் விலையை அடிமட்டத்துக்கு இறக்கி அவர்களை விரட்டிவிடுவார். முன்கோபக்காரர். விட்டுக்கொடுக்காதவர். அவரை நல்ல மனிதர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை; அசராத மனிதர் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஐஸை வெட்டுவது அதுவரை பெரும் பாடு. ஆட்கள் கோடரியாலும் ரம்பத்தாலும் கோணல்மாணலாக அறுப்பார்கள். 1825-இல் நத்தானியேல் வைத் என்பவர் குதிரை இழுக்கும் ஐஸ் வெட்டும் கலப்பை ஒன்றைச் செய்தார். அது உறைந்த ஏரியின் மேல் நெட்டாகவும் குறுக்காகவும் கோடு கிழித்துச் சதுரங்கப் பலகை போல் ஆக்கிவிடும். பிறகு கடப்பாரையால் நெம்பினால் ஒரே அளவுப் பாளங்கள் பெயர்ந்து வரும். ஒரே அளவு என்பதால் இடைவெளி இல்லாமல் செங்கல் போல அடுக்கலாம். இடைவெளி இல்லையென்றால் சூடான காற்று நடுவே புகாது. டியூடர் வைத்தைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார்.

இப்போது அவர் கண் இந்தியா மீது விழுந்தது.

1833-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள், டஸ்கனி என்ற கப்பல் 180 டன் ஐஸோடு பாஸ்டனிலிருந்து கொல்கத்தாவுக்குப் புறப்பட்டது. சூயஸ் கால்வாய் அப்போது இல்லை. அட்லாண்டிக் கடலில் இறங்கி, ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, இந்துமாக்கடலில் ஏறி வர வேண்டும். பூமத்திய ரேகையை இரண்டு முறை கடக்க வேண்டும். நான்கு மாதப் பயணம். செப்டம்பரில் கப்பல் கொல்கத்தாவைத் தொட்டபோது சுமார் 100 டன் ஐஸ் மிச்சம் இருந்தது! பாதிக்கு மேல். அங்கிருந்த வெள்ளைக்காரர்கள் துள்ளிக் குதித்தார்கள். ஐஸுக்குச் சுங்க வரி இல்லை என்றார்கள். வெயில் படாமல் இரவிலேயே இறக்க அனுமதி தந்தார்கள். ஐஸ் கிடங்கு கட்டத் தாங்களே பணம் திரட்டிக் கொடுத்தார்கள்.

அதற்கு முன் இந்தியாவில் ஐஸே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. வட இந்தியாவில் டிசம்பர், ஜனவரி மாத இரவுகளில் வைக்கோலைப் பரப்பி, அதன் மேல் ஆழமில்லாத மண் தட்டுகளில் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். மேகமில்லாத இரவில் தண்ணீர் தன் வெப்பத்தை வானை நோக்கி வெளிவிட்டு, மேலே மெல்லிய ஐஸ் படலம் பிடிக்கும். விடியுமுன் அதைச் சேகரிப்பார்கள். நம் நாட்டு உழைப்பாளிகளின் கெட்டிக்காரத்தனம் அது. ஆனால் அது திருச்சி, சென்னைப் பக்கம் நடக்காது. இங்கே இரவு அவ்வளவு குளிர்வதில்லை.

நம் பக்கத்து வழி வேறு. மண்பானை! பானையின் நுண்துளைகள் வழியாகத் தண்ணீர் கசிந்து ஆவியாகிறது. தண்ணீர் ஆவியாக ஏராளமான வெப்பம் வேண்டும்: ஒரு கிராமுக்கு 540 கலோரி அல்லது அதற்கும் சற்று மேல். அந்த வெப்பத்தைப் பானைத் தண்ணீரிடமிருந்தே எடுத்துக்கொள்வதால் தண்ணீர் சில்லென்று ஆகிறது. ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேரின்போது தெருவில் தண்ணீர் தெளிப்பதும், ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டி நனைப்பதும் இதே முறைதான். காற்றில் ஈரம் குறைவாக இருந்தால் ஆவியாதல் வேகமாக நடக்கும். அதனால்தான் கடலோரச் சென்னையைவிட நம் ஊர்ப் பானைத் தண்ணீருக்குக் குளுமை அதிகம். இது ஊர்ப் பெருமை இல்லை, இயற்பியல்!

சரி, சென்னைக்கு வருவோம். 1842-இல் சென்னைக் கடற்கரையில், திருவல்லிக்கேணிக்கு அருகே, டியூடரின் ஐஸுக்காக ஒரு கிடங்கு எழுந்தது. வட்ட வடிவ முகப்போடு கூடிய கெட்டியான கட்டடம். அப்போது சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல் கடலில் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து மசூலா படகுகளில் ஏற்றி, அலையைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்து, ஆட்கள் சுமந்து கிடங்கில் சேர்க்க வேண்டும். சென்னை வெயிலில் ஐஸ் பாளத்தைச் சுமந்து ஓடியவர்கள் நம்மவர்கள். முதுகில் சொட்டிய அமெரிக்கத் தண்ணீரைத் தவிர அதில் அவர்களுக்கு என்ன கிடைத்திருக்கும்? அந்த ஐஸ் வெள்ளைக்காரர் வீட்டு விருந்துக்கும், பணம் படைத்த சிலருக்கும் போனது. காய்ச்சல் கண்ட நோயாளிகளுக்கும் பயன்பட்டது. அதை மட்டும் நல்லது என்று சொல்லலாம். அடுத்த ஆண்டு பம்பாயிலும் ஒரு கிடங்கு எழுந்தது.

ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? டியூடர் சென்னைக்கு வந்ததே இல்லை. தம் ஐஸ் போன தொலைவில் பாதிகூட அவர் பயணம் செய்யவில்லை.

இந்த வெற்றிக்கு நடுவிலேயே அவர் மறுபடி ஒரு பள்ளத்தில் விழுந்திருந்தார். காப்பிக்கொட்டை விலை ஏறும் என்று நம்பி வாங்கிக் குவித்தார். விலை சரிந்தது. 1834-இல் 2 லட்சம் டாலருக்கு மேல் கடன்! ஆனால் இம்முறை அவர் ஊரை விட்டு ஓடவில்லை. கடன் கொடுத்தவர்களும் ஐஸ் வியாபாரத்தை நம்பிப் பொறுத்துக்கொண்டார்கள். முக்கியமாகக் கொல்கத்தா வருமானத்தைக் கொண்டு, ஏறத்தாழ 15 ஆண்டுகள் கட்டி, கடனை முழுவதும் அடைத்தார். அதே 1834-இல்தான் தம் ஐம்பதாவது வயதில் திருமணம் செய்துகொண்டார். ஆறு குழந்தைகள் பிறந்தார்கள்.

1846-47 குளிர்காலத்தில் பாஸ்டன் அருகே வால்டன் என்ற குளத்தில் ஐஸ் வெட்ட நூறு பேர் வந்து இறங்கினார்கள். அந்தக் குளக்கரையில் குடிசை போட்டுத் தனியாக வாழ்ந்துகொண்டிருந்தவர் தோரோ என்ற எழுத்தாளர். பின்னாளில் நம் காந்தியடிகள் விரும்பிப் படித்த அதே தோரோதான். தம் குளத்துத் தண்ணீரைச் சென்னையிலும் கொல்கத்தாவிலும் இருப்பவர்கள் குடிக்கப்போகிறார்கள் என்று நினைத்து வியந்து, 1854-இல் வந்த தம் புத்தகத்தில் அதை எழுதிவைத்தார். ஐஸ் வணிகம் உச்சத்தில் இருந்த 1856-இல் பாஸ்டனிலிருந்து சுமார் 1,46,000 டன் ஐஸ் கப்பலேறியது.

ஃபிரெடரிக் டியூடர் 1864-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள், 80-ஆவது வயதில், பெரும் செல்வராக இறந்தார். தம் தொழிலை விழுங்கப்போகும் ஒன்று அதற்குள் பிறந்து நடைபழகத் தொடங்கிவிட்டது. அதுதான் ஐஸ் செய்யும் இயந்திரம்.

டியூடர் கடனில் மூழ்கிய அதே 1834-இல், அமெரிக்காவில் பிறந்து லண்டனில் வாழ்ந்த ஜேக்கப் பெர்க்கின்ஸ் என்பவர் அந்த இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1850-களில் ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் ஐஸ் செய்தே விற்றார். 1870-களில் ஜெர்மனியின் கார்ல் வான் லிண்டே, அம்மோனியாவைக் கொண்டு நல்ல இயந்திரங்களை உருவாக்கினார். டியூடர் வெப்பத்தை உள்ளே விடாமல் தடுத்தார். இவர்கள் உள்ளே இருக்கும் வெப்பத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்கள்.

எப்படித் தள்ளுவது? ஊசி போடும்முன் நர்ஸ் அக்கா கையில் ஸ்பிரிட் தடவும்போது சில்லென்று இருக்கிறதே, அது நினைவிருக்கிறதா? ஸ்பிரிட் ஆவியாகும்போது உங்கள் தோலின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைக் கதைதான் இதுவும். குளிர்சாதனப் பெட்டியின் உள்ளே இருக்கும் குழாயில் இப்படி எளிதில் ஆவியாகும் ஒரு திரவம் ஓடுகிறது. அது ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பானையில் ஆவி காற்றோடு போய்விடும். இங்கே அதை விடுவதில்லை. கம்ப்ரஸர் அதை இழுத்து அழுத்துகிறது. அழுத்தினால் வாயு சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்த பிறகு பம்பின் அடியைத் தொட்டால் சுடுவதும் ஓரளவு இதனால்தான். சூடான அந்த ஆவி பெட்டியின் வெளிப்புறக் குழாய்களுக்குப் போய், வெப்பத்தை அறைக் காற்றில் விட்டுவிட்டு மறுபடி திரவமாகிறது. பின்பு குறுகலான ஒரு குழாய் வழியாகப் பீறிட்டு அழுத்தம் குறைந்து, மறுபடி உள்ளே போய் ஆவியாகிறது. சுற்றிச் சுற்றி இதே வேலை. ஐ.டி.ஐ.யில் குளிர்பதனத் தொழில் கற்கும் அண்ணன்களும் அக்காக்களும் பாடமாகப் படிப்பது இந்தச் சுற்றைத்தான்.

ஆகவே மூடிய அறையில் ஃபிரிட்ஜைத் திறந்து வைத்தால் அறை குளிராது, சூடுதான் ஏறும். உள்ளே எடுத்த வெப்பமும், மோட்டார் ஓடிய வெப்பமும் சேர்ந்து அதே அறையில்தானே வெளிவருகிறது! ஏ.சி.யின் ஒரு பெட்டியை வீட்டுக்கு வெளியே வைப்பது இதனால்தான்.

இப்போது டன்னுக்கு வருகிறேன். புதிதாக வந்த இயந்திரங்களின் திறமையை எதை வைத்து அளப்பது? அதுவரை மக்களுக்குத் தெரிந்த குளிர்ச்சி ஐஸ் மட்டும்தான். ஒரு நாளைக்கு எத்தனை டன் ஐஸ் செய்யும் வேலையை இந்த இயந்திரம் செய்யும் என்று கேட்டார்கள். அதுவே அளவாக நிலைத்துவிட்டது. 24 மணி நேரத்தில் ஒரு டன் ஐஸ் உருகினால் எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அவ்வளவு வெப்பத்தை ஒரு நாளில் வெளியே தள்ளும் இயந்திரம் ஒரு டன் இயந்திரம்.

இது அமெரிக்க டன். 2,000 பவுண்டு, அதாவது சுமார் 907 கிலோ. ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். அத்தனையையும் வாங்கிக்கொண்டு, வெப்பநிலை ஒரு டிகிரிகூட ஏறாமல் பூஜ்யத்திலேயே நிற்கும். மறைந்து நிற்பதால் அதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். 907 கிலோவைக் கிராமாக்கி 80-ஆல் பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 7 கோடியே 25 லட்சம் கலோரி வரும். மின்சாரக் கணக்கில் சொன்னால் சுமார் 3,500 வாட். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடம்பு கிட்டத்தட்ட ஒரு 100 வாட் பல்பு அளவுக்கு வெப்பம் விடுகிறது. ஆக 35 பேர் இருக்கும் வகுப்பில், வெயிலே உள்ளே வராவிட்டாலும், பிள்ளைகளின் உடம்புச் சூட்டை மட்டும் வெளியேற்றவே ஒரு டன் ஏ.சி. வேண்டும்!

கடையில் பார்த்த ஒன்றரை டன் ஏ.சி. நாள் முழுக்க முழு வேகத்தில் ஓடினால், சுமார் 1,360 கிலோ ஐஸ் உருகுவதற்குச் சமம். 50 கிலோ ஐஸ் பார் என்று வைத்துக்கொண்டால் 27 பார்கள். அந்தப் பெட்டி அவ்வளவு கனமில்லை. அது செய்யும் வேலைதான் அவ்வளவு கனம்.

சென்னையில் 1870-களில் இயந்திரத்திலேயே ஐஸ் செய்யத் தொடங்கினார்கள். பக்கத்திலேயே கிடைக்கும்போது 25,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து யார் வாங்குவார்கள்? டியூடரின் கம்பெனிக் கப்பல்கள் வருவது நின்றது. கடற்கரைக் கிடங்கு காலியானது. பின்னர் அதை பிலிகிரி ஐயங்கார் என்ற வழக்கறிஞர் வாங்கி, ஜன்னல்கள் வைத்து வீடாக்கினார். வெப்பம் புகக்கூடாது என்று கட்டிய இடத்தில் ஜன்னல் எப்படி இருந்திருக்கும்? 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் ஒன்பது நாள் அங்கே தங்கினார். பிற்காலத்தில் சகோதரி சுப்புலட்சுமி, இளம் வயதில் கணவரை இழந்த பெண்களைத் தங்கவைத்துப் படிக்கவைத்ததும் அந்தக் கட்டடத்தில்தான். 1963-இல் அதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர் சூட்டினார்கள்.

சென்னைக்குப் போனால் மெரினா எதிரில் அதைப் பார்க்கலாம். பக்கத்துத் தெருக்களுக்கு மட்டும் பழைய பெயர் போகவில்லை. ஆட்டோக்காரரிடம் ஐஸ் ஹவுஸ் என்றாலே போதும், நேராகக் கொண்டுபோய் விட்டுவிடுவார்.